டிங்கி இல்லை என்றார்கள், இப்போது குரங்கு மலேரியா என்கிறார்கள்

கேள்வி: டாக்டர், நாங்கள் பத்துமலைப் பக்கம் பிளாட்டில் இருக்கிறோம். என் கணவருக்கு 44 வயது. ரவுப்பில் அவருடைய நண்பருக்கு டுரியான் தோட்டம் இருக்கிறது. சீசனில் ஒரு வாரம் அங்கேயே தங்கி, ராத்திரி விழும் பழங்களுக்குக் காவல் இருந்தார். வீட்டுக்கு வந்து பத்து நாளில் காய்ச்சல். கிளினிக்கில் டிங்கி டெஸ்ட் எடுத்து "இல்லை" என்று சொல்லி, பெனடால் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் பிளேட்லெட் இறங்கிவிட்டது. பெரிய மருத்துவமனையில் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுக் குரங்கு மலேரியா என்று வார்டில் சேர்த்தார்கள். இப்போது வீட்டில் இருக்கிறார். எங்கள் ஜன்னல் வரை குரங்கு வருகிறது, பிள்ளைகள் கோயிலுக்குப் போனால் அதற்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். அதிலிருந்துதான் வந்ததா? பிள்ளைகளுக்கு ஒட்டுமா? இங்கே அடிக்கடி புகை அடிக்கிறார்களே, அப்படியும் எப்படி வந்தது? திரும்ப வருமா? மலேரியா எல்லாம் தோட்டத்துக் காலத்தோடு போய்விட்டது என்று என் மாமியார் நம்பவே மாட்டேன் என்கிறார்.

பதில்: உங்கள் ஜன்னலுக்கு வரும் குரங்கை விட்டுவிடுங்கள், சகோதரி. அதற்கும் இந்தக் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை. கிருமி குரங்கின் ரத்தத்தில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் குரங்கைத் தொட்டாலோ, அது கடித்த பழத்தைத் தின்றாலோ, ஏன், அதே குரங்கு பிறாண்டினாலும்கூட மலேரியா வராது. நடுவில் ஒரு கொசு வேண்டும். அதுவும் எந்தக் கொசுவாக இருந்தாலும் போதாது. காட்டு நிழலில் வளரும் குறிப்பிட்ட சில இன அனாபிலிஸ் கொசுதான் இந்தக் கிருமியைத் தூக்கிக்கொண்டு போகும். உங்கள் பிளாட்டின் கீழே லோங்காங் சாக்கடையில் இருப்பது அது அல்ல. உங்கள் கணவரைக் கடித்தது ரவுப்பில், டுரியான் மரத்தடியில், பொழுது சாய்ந்த பிறகு.

இந்தக் கிருமிக்குப் பெயர் பிளாஸ்மோடியம் நோலேசி. 1932-ல் கல்கத்தாவில் இதை ஆராய்ந்த ராபர்ட் நோல்ஸ் என்பவர் பெயரில் வைத்தது. நீள்வால் குரங்கும் பன்றிவால் குரங்கும் அதன் வீடு. மனிதனுக்கு இயற்கையாகத் தொற்றியது முதன்முதலாகத் தெரியவந்தது 1965-ல். அதுவும் உங்கள் கணவர் போன அதே பகாங் மாநிலத்தில். காட்டில் சில நாள் வேலை பார்த்த ஓர் அமெரிக்க நில அளவையாளர் காய்ச்சலோடு ஊர் திரும்பினார். அங்கே அவருடைய ரத்தத்தை முதலில் ஒரு மலேரியா என்றார்கள், பிறகு இன்னொன்று என்றார்கள், கடைசியில்தான் குரங்கினுடையது என்று கண்டுபிடித்தார்கள். உடனே ஆய்வாளர்கள் பகாங்குக்கு வந்து, அந்த வட்டாரத்தில் 1,100-க்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஒருவரிடமும் இல்லை. சரி, எப்போதோ ஒன்று நடக்கும் போலிருக்கிறது என்று மருத்துவ உலகம் அதை மறந்தே போனது.

மறுபடி நினைவுபடுத்தியவர் நம் நாட்டு விஞ்ஞானி பல்பீர் சிங். சரவாக்கின் காப்பிட் வட்டாரத்தில் மலேரியா என்று வந்தவர்களில் பலருக்கு "மலேரியே" வகை என்று மைக்ராஸ்கோப் காட்டியது. அந்த வகை சாதுவானது. ரத்தத்தில் கொஞ்சமாகத்தான் இருக்கும், ஆளைப் படுக்கையில் போடுவது குறைவு. இங்கேயோ ரத்தம் நிறையக் கிருமி, நோயாளிகள் வார்டில். அந்த முரண்பாடு உறுத்தியதால் அவரும் ஜேனட் காக்ஸ்-சிங்கும் அவர்கள் குழுவும் பிசிஆர் முறையில் கிருமியின் மரபணுவையே எடுத்துப் பார்த்தார்கள். 2004-ல் வெளியான முடிவு இது: 208 நோயாளிகளில் 120 பேருக்கு இருந்தது நோலேசி. இளம் பருவத்தில் பார்த்தால் பால்சிபாரம் என்ற கடுமையான மலேரியா வகை மாதிரி இருக்கும், முற்றிய பருவத்தில் மலேரியே மாதிரி இருக்கும். இப்படி வேஷம் போடுகிற கிருமியைக் கண்ணால் பார்த்துப் பிரிப்பது கைதேர்ந்தவர்களுக்கே சிரமம்.

வேஷத்தைவிட அதன் வேகம்தான் எனக்குப் பயம். மலேரியே கிருமி ரத்தச் சிவப்பணுவில் புகுந்து பெருகி வெளியே வர 72 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். பால்சிபாரமும், வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா வகையும் 48 மணி. நோலேசிக்கு 24 மணி நேரம் போதும். இன்று ஒரு சிவப்பணுவுக்குள் போனது நாளை பத்தாகப் பெருகி அதை உடைத்துக்கொண்டு வரும். அதனால்தான் தினமும் காய்ச்சல். அதனால்தான் "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பேச்சு இதற்கு ஆகாது. சிறுநீரகம், நுரையீரல் என்று இறங்கி உயிரிழந்தவர்களும் உண்டு.

கொசு பக்கம் வருவோம். இதில் நம்மவர் ஒருவரின் உழைப்பு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. டாக்டர் இந்திரா வைத்திலிங்கம், கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திலும் பிறகு மலேயாப் பல்கலைக்கழகத்திலும் இருந்த பூச்சியியல் ஆய்வாளர். காப்பிட்டில் இந்தக் கிருமியைச் சுமப்பது அனாபிலிஸ் லேட்டன்ஸ் என்றும், பகாங்கின் கோலா லிப்பிஸில் அனாபிலிஸ் கிராசன்ஸ் என்றும், பிறகு நம் உலு சிலாங்கூரிலேயே அனாபிலிஸ் இன்ட்ரோலேட்டஸ் என்றும் கண்டுபிடித்தது அவருடைய குழு. இந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? சாயங்காலம் காட்டோரத்தில் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு ஆட்கள் உட்காருவார்கள். காலில் கொசு வந்து இறங்கியதும், கடிப்பதற்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கவிழ்த்துப் பிடித்து, பஞ்சால் அடைத்து, மணியை எழுதி வைப்பார்கள். விடிந்ததும் ஒவ்வொரு கொசுவையும் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து, இரண்டு ஊசிமுனையால் தலையை மெல்ல இழுத்தால் எச்சில் சுரப்பி கூடவே வரும். கிருமி அதில்தான் இருக்கும். நூற்றுக்கணக்கில் பிரித்தால் ஒன்றிரண்டில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இவ்வளவு பொறுமை எனக்குக் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன்.

இப்படி மணி எழுதி வைத்ததால்தான் நமக்கு ஒரு விஷயம் தெரியும்: இந்தக் கொசுக்கள் வீட்டுக்குள் வந்து கடிப்பதைவிட வெளியில் கடிப்பதே அதிகம், இருட்டத் தொடங்கியதிலிருந்து முன்னிரவு வரை மும்முரமாக இருக்கும். டுரியான் காவலுக்கு ஆள் உட்காரும் நேரமும் அதுதானே?

உங்கள் மாமியார் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். 1967-ல் தொடங்கிய மலேரியா ஒழிப்புத் திட்டத்தில் தோட்டத்து லயங்களின் உள்சுவரில் டிடிடி பூச்சிமருந்து அடித்தார்கள். கடித்துவிட்டுச் சுவரில் உட்காரும் கொசு செத்தது. மனிதனிடமிருந்து மனிதனுக்குப் போகிற மலேரியா படிப்படியாகக் குறைந்து, 2018-லிருந்து உள்நாட்டில் தொற்றியது ஒன்றுகூட இல்லை என்ற நிலைக்கு வந்தோம். ஆனால் அதே 2018-ல் நோலேசி கண்டவர்கள் 4,000-க்கும் மேல். சுவருக்கே வராத கொசுவைச் சுவர் மருந்து என்ன செய்யும்?

இது பழைய பாடம்தான். 1901-ல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர், சதுப்பை வடித்துக் காட்டை வெட்டி மலேரியாவை அடக்கினார். நிழல் விரும்பும் கொசு ஒழிந்தது. அதே முறையை மேட்டு நிலத் தோட்டங்களில் செய்தபோது, வெயில் பட்ட ஓடைகளில் வேறொரு கொசு பெருகி நோய் கூடியது. கொய்னா மாத்திரையை விழுங்கிக்கொண்டு பால் வெட்டப் போனவர்கள் நம் பாட்டன் பூட்டன்மார்தான். இன்றைக்குக் காட்டை வெட்டி டுரியானும் செம்பனையும் வைக்கிறோம். குரங்கு அதே ஓரத்துக்கு வருகிறது, கொசுவும் வருகிறது, நாமும் போய் உட்காருகிறோம்.

புகை அடிப்பது டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு. அது பகலில், வீட்டைச் சுற்றி இருப்பது. அதற்கே புகை பெரிய வைத்தியம் இல்லை. இந்திரா வைத்திலிங்கத்தின் குழு சிலாங்கூர் அடுக்குமாடிகளில் ஒரு கறுப்பு வாளிப் பொறியை வைத்துப் பார்த்தது. உள்ளே காய்ந்த புல் ஊறிய தண்ணீர், சுற்றி ஒட்டும் பசை. முட்டையிட வரும் பெண் கொசு அதில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கொசுவை நசுக்கி, உங்கள் கணவருக்குக் கிளினிக்கில் போட்டார்களே, அதே மாதிரி என்எஸ்1 கிட்டில் போட்டால், டிங்கி கிருமி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆளுக்குக் காய்ச்சல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. புகையைவிட இதில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

அந்தக் கிளினிக் மீது உங்களுக்குக் கோபம் இருக்கும். ஆனால் நோலேசியிலும் பிளேட்லெட் இறங்கும், கிட்டத்தட்ட எல்லோருக்குமே. கோலாலம்பூரில் காய்ச்சலும் பிளேட்லெட் குறைவும் சேர்ந்து வந்தால் எந்த டாக்டருக்கும் முதலில் வாயில் வருவது டிங்கிதான். நானே ஒரு முறை கோட்டை விட்டிருக்கிறேன். ஓர் இளைஞனை இரண்டு நாள் டிங்கி என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவனுடைய அம்மா, "காட்டில் மீன் பிடிக்கப் போய்ப் படுத்துக் கிடந்தானே, அந்தக் குளிரோ என்னவோ" என்று தாதியிடம் பேச்சுவாக்கில் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் ரத்தத்தை ஸ்லைடில் போடச் சொன்னேன். கேட்க வேண்டியது நான், கேட்கவில்லை. அன்றிலிருந்து காய்ச்சல் என்று யார் வந்தாலும் மூன்று வாரக் கணக்குக் கேட்பேன்: எங்கே போனீர்கள், ராத்திரி எங்கே இருந்தீர்கள், தண்ணீரில் இறங்கினீர்களா. எலிச் சிறுநீர்க் காய்ச்சலும் இந்தக் கேள்வியில்தான் பிடிபடும். டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். "டுரியான் தோட்டத்தில் ஒரு வாரம் ராத்தங்கினேன்" என்ற ஒரு வரி போதும், மலேரியாவுக்கு ஸ்லைடு பார்க்கச் சொல்வார். மலேரியா விரைவுக் கிட் ஒன்றில் "இல்லை" என்று வந்தாலும் அதோடு விடக்கூடாது. நோலேசியை அது பல நேரம் தவறவிடும்.

திரும்ப வருமா என்றால், வைவாக்ஸ் மாதிரி இது கல்லீரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துத் தலைகாட்டாது. மாத்திரையை முழுதாக முடித்திருந்தால் இந்த முறை வந்தது முடிந்தது. ஆனாலும் மருத்துவமனை குறித்துக் கொடுத்த தேதிகளில் ரத்தம் கொடுக்கப் போகச் சொல்லுங்கள், உடம்பு நன்றாக இருக்கிறதே என்று தட்டிக்கழிக்க விடாதீர்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் கண்டால் அதே மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். ஒரு முறை வந்ததால் இனி வராது என்றும் இல்லை, அந்தக் கொசு மறுபடி கடித்தால் மறுபடி வரலாம். பிள்ளைகளுக்கு அவரிடமிருந்து ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே கட்டிலில் படுக்கலாம்.

அடுத்த சீசனில் ரவுப்புக்குப் போகாமல் இருக்கப் போவதில்லை, எனக்குத் தெரியும். போகட்டும். மாலை ஆறு மணிக்கு முன்பே முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, காலுறை. வெளியே தெரியும் தோலில் டீட் கலந்த கொசுவிரட்டி, வியர்த்தால் மறுபடி. கொசுவத்திச் சுருள் திறந்த வெளியில் காற்றோடு போய்விடும், அதை நம்ப வேண்டாம். படுக்கும்போது குடிசைக்குள் கொசுவலை. திரும்பி வந்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

பிள்ளைகள் தாராளமாகக் கோயிலுக்குப் போகட்டும். வாழைப்பழத்தை மட்டும் சாமிக்கு வைக்கச் சொல்லுங்கள். குரங்கு கடித்தும் பிறாண்டியும் என்னிடம் தையல் போட வருகிற பிள்ளைகள் மலேரியாக்காரர்களைவிட அதிகம்.