கடையைச் சாத்தினாலும் வேலை ஓயவில்லையா? சிறுதொழில் நடத்துவோருக்குக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே சொந்தத் தொழில் செய்பவர்களுடையவை, எல்லாரும் சொல்வது நேரம் இல்லை என்பதைத்தான். படித்துப் பார்த்தபோது முக்கால்வாசிப் பேர் விஷயத்தில் எல்லா முடிவும் ஒருவர் தலையிலேயே குவிந்திருப்பது தெரிந்தது. அதனால் முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

இரண்டு பேர் வேலைக்கு இருக்கிறார்கள். ஆனாலும் ஒரு நாள் லீவு போட்டால் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. என்ன செய்யலாம்? (அச்சகம் நடத்துபவர்)

அடுத்த இரண்டு வாரம், உங்களுக்கு வரும் ஒவ்வொரு அழைப்பையும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள். "பேப்பர் தீர்ந்துவிட்டது, யாரிடம் சொல்ல?", "மீதிப் பணம் அடுத்த வாரம் தருகிறேன் என்கிறார், கொடுத்து அனுப்பலாமா?", "கார்டில் போன் நம்பர் தப்பாக வந்துவிட்டது, திரும்ப அடிக்கவா?" இப்படித்தான் இருக்கும். ஒரு சில கேள்விகளே திரும்பத் திரும்ப வந்திருக்கும், உங்கள் பதிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்திருக்கும். அந்தப் பதில்களை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

அப்புறம் பண வரம்பு. இவ்வளவு தொகை வரை தள்ளுபடியோ நஷ்டமோ, என்னைக் கேட்காமல் நீங்களே முடிவெடுக்கலாம் என்று வேலையாட்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அந்த வரம்புக்குள் அவர்கள் எடுத்த முடிவு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், வாடிக்கையாளர் முன்னால் அதை மாற்றாதீர்கள். ஒரு தடவை மாற்றினால் போதும், மறுநாளிலிருந்து எல்லாவற்றுக்கும் மறுபடி போன் வரும்.

முதலில் அரை நாள் போனை அணைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். பிறகு ஒரு நாள், அதன்பின் மூன்று நாள். திரும்பி வந்ததும் எது தடைப்பட்டது என்று கேளுங்கள். பீரோ சாவி, கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு, மெஷின் ரிப்பேர்காரர் நம்பர் என எதெல்லாம் உங்களிடம் மட்டுமே மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் வெளியே வரும். நீங்கள் காய்ச்சலில் படுத்திருக்கும்போது அது தெரியவருவதைவிட இது எவ்வளவோ மேல்.

இரவு பதினொரு மணிக்கும் வாட்ஸ்அப்பில் விலை கேட்கிறார்கள். பதில் போடாவிட்டால் வேறு இடம் போய்விடுவார்களோ என்று பயம். (தையல் தொழில் செய்பவர்)

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் வேலை நேரத்தைக் குறித்துவைத்தால், அதற்கு வெளியே வரும் செய்திகளுக்குத் தானாகப் பதில் போகும்படி செய்யலாம். அதில் "விரைவில்" என்று எழுதாதீர்கள். "நாளை காலை 10 மணிக்குள் விலை சொல்கிறோம்" என்று மணியோடு எழுதுங்கள், சொன்னபடி பதில் போடுங்கள். எப்போது பதில் வரும் என்று தெரிந்தால் பெரும்பாலானவர்கள் காத்திருப்பார்கள். இரவு பதினொன்றுக்கு நீங்கள் பதில் போட்டுப் பழக்கினால், அதையும் உங்கள் கடை நேரமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். குழாய் ரிப்பேர் மாதிரி அவசரத் தொழில் என்றால் கதை வேறு. அவர்கள் இரவு வேலைக்குத் தனிக் கட்டணம் வைக்க வேண்டும்.

மாதம் 350 மணி நேரம் உழைக்கிறேன். "என்ன மிச்சம்?" என்று வீட்டில் கேட்டால் பதில் இல்லை.

உங்கள் கடிதத்தில் எல்லாச் செலவும் போக 42,000 நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 350-ஆல் வகுத்தால் மணிக்கு 120. உங்களிடம் வேலை செய்பவருக்கு மணிக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். அது 120-ஐவிட அதிகம் என்றால், எந்த டைம்டேபிளும் உங்களைக் காப்பாற்றாது, விலையைத்தான் தொட வேண்டும். புது வாடிக்கையாளர்களிடம் இன்றே புது விலையைச் சொல்லுங்கள். பழையவர்களுக்கு ஒரு தேதி குறிப்பிட்டு முன்கூட்டியே தெரிவியுங்கள். அதிக நேரம் தின்று குறைவாகப் பணம் தரும் வேலை எது என்று உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுங்கள். இன்னொன்று: உங்களுக்கென்று ஒரு மாதச் சம்பளம் வைத்து, குறிப்பிட்ட தேதியில் வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். கல்லாவிலிருந்து அவ்வப்போது எடுத்துக்கொண்டிருக்கும் வரை வீட்டில் கேட்கும் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

எல்லோரும் தூங்கிய பிறகுதான் கணக்கு எழுத முடிகிறது. பரவாயில்லையா?

வேண்டாம். 17 முதல் 19 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. காலை 5 மணிக்கு எழுபவருக்கு இரவு 10 மணிக்கே அந்த நிலை வந்துவிடும். அந்த நேரத்தில் எழுதிய கணக்கை மறுநாள் திருத்தவும் நேரம் போகும். காலையில் கடை திறந்ததும், கூட்டம் சேரும் முன், அரை மணி ஒதுக்கி முந்தைய நாள் கணக்கை முடியுங்கள்.

உடம்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 35-40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் அடைப்பு நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். தயவுசெய்து இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கணவனும் மனைவியுமாகத் தொழில் நடத்துகிறோம். சாப்பிடும்போதும் கடைப் பேச்சுதான். பேசக் கூடாது என்று முடிவெடுத்தால் அரை மணி நேரம்கூடத் தாங்குவதில்லை.

தாங்காதுதான், பேச வேண்டிய விஷயங்கள் அப்படியே பாக்கி இருக்கின்றனவே. கிளம்பும் முன் கடையிலேயே இருபது நிமிடம் உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள். வீட்டில் ஏதாவது ஞாபகம் வந்தால் எழுதிவைத்து மறுநாள் எடுங்கள். கொள்முதலில் யார் சொல்வது முடிவு, ஆட்கள் விஷயத்தில் யார் என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரச் சண்டைகளில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

பெரிய ஆர்டர் கொடுக்க வேண்டிய நாளில்தான் மகளின் பள்ளி விழா. எதை விடுவது?

இன்றே வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, ஒரு நாள் முன்னாலோ பின்னாலோ தரலாமா என்று கேளுங்கள். கேட்காமலே முடியாது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். ஒத்துவரவில்லை என்றால், சரக்கை முந்தின இரவே கட்டிவைத்துவிட்டு, கொண்டுபோய்க் கொடுக்க வேறொருவரை அனுப்புங்கள். அடுத்த விழாத் தேதி தெரிந்ததும் ஆர்டர் நோட்டிலேயே எழுதிவிடுங்கள், டெலிவரி தேதி சொல்லும்போது கண்ணில் படும்.