நீலம் பாய்ந்த வாய் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பழைய இரும்புக் குவியலில் இரண்டு கோடாலிகள் கிடைத்தன. ஒன்று பெரியது. காம்பு முறிந்து, அதன் கட்டை இன்னும் துளைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. மற்றது கைக்கோடாலி. காம்பு இருக்கிறது, ஆனால் தலை ஆடுகிறது. இரண்டிலும் துரு. பெரியதன் பக்கவாட்டில் ஏதோ முத்திரை தெரிகிறது, படிக்க முடியவில்லை. துருவை எடுக்க வினிகர் நல்லதா, மின்சார முறை நல்லதா? மைத்துனரிடம் ஆங்கிள் கிரைண்டர் (சுழலும் தட்டால் இரும்பைத் தேய்க்கிற மின்கருவி) இருக்கிறது. காணொளிகளில் செய்வதுபோல அதில் பிடித்துக் கண்ணாடி மாதிரி பளபளப்பாக்கி, ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஆடுகிற தலையை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டுவைத்தால் இறுகிவிடும் என்கிறார்களே, சரியா? இவற்றுக்கு மதிப்பு ஏதாவது இருக்குமா?

கே.

அன்புள்ள கே,

உலைக்குப் போய் உருகியிருக்க வேண்டிய இரண்டு கோடாலிகளைக் குனிந்து எடுத்திருக்கிறீர்கள். எத்தனை பேர் அந்தக் குவியலைத் தாண்டிப் போயிருப்பார்கள்! உங்கள் கண்ணில் பட்டதே, அதற்காகவே உங்கள்மேல் பிரியம் வந்துவிட்டது. அடுத்து கிரைண்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே கோபமும் வந்துவிட்டது. இரண்டோடும்தான் எழுதுகிறேன், வருத்தப்படாதீர்கள்.

கொஞ்ச நாளாகவே இது மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. நண்பர் ஒருவர் பழைய கோடாலி ஒன்றைப் புதுப்பித்துச் சுவரில் மாட்டியிருந்தார். அதில் முகம் பார்க்கலாம். கிட்டே போய்ப் பார்த்தேன். வாயின், அதாவது வெட்டும் விளிம்பின், ஒரு மூலையில் நகத்தளவு நீலம், அதைச் சுற்றி ஊதா, அதற்கும் வெளியே வெளிர் மஞ்சள். “கலர் அழகாக வந்திருக்கிறது இல்லையா?” என்று கேட்டார். அந்த நிறம் என்ன சொல்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உங்களுக்காவது நேரத்தோடு சொல்லிவிடுகிறேன்.

எஃகைச் செக்கச்சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கினால் கெட்டிப்படும். ஆனால் அந்த நிலையில் ஓங்கிப் போட்டால் சில்லு தெறித்துவிடும். அதனால் மறுபடி மிதமாகச் சூடேற்றி, அந்த முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் இறக்குவார்கள். பதம் என்பது இதுதான். தேய்த்துச் சுத்தமாக்கிய எஃகில் சூடு ஏற ஏற நிறம் மாறிக்கொண்டே வரும். சுமார் 220 டிகிரி செல்சியஸில் வெளிர் மஞ்சள், 255 வாக்கில் பழுப்பு, 280 வாக்கில் ஊதா, 300ஐ ஒட்டி நீலம். வெப்பமானி இல்லாத காலத்துக் கொல்லர் இந்த நிறங்களைப் பார்த்துத்தான் எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினார்.

கிரைண்டர் நிறுத்தாது. கோடாலியின் வாய் ஓரம் மெல்லியது. அங்கே பிறக்கிற சூடு ஓடி ஒளிய உள்ளே இரும்பு இல்லை. இரண்டு மூன்று நொடி ஒரே இடத்தில் அழுத்தினால் போதும், நீலம் வந்துவிடும். கொல்லர் நிறுத்திய இடத்தைத் தாண்டிச் சூடு போய்விட்டது, அந்த இடத்து எஃகு மெத்தென்று ஆகிவிட்டது என்று அர்த்தம். நீலத்தைப் பார்த்த பிறகு தண்ணீரில் முக்குவார்கள். ஒரு பயனும் இல்லை, நடக்க வேண்டியது நடந்து முடிந்துவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நிறம் போகும். போன பதம் திரும்பாது. மரத்தில் ஒரு முடிச்சு குறுக்கிட்டதும் அந்த இடம் மடங்கிக்கொள்ளும்.

சரி, மெத்தென்ற பகுதியைத் தேய்த்து எடுத்துவிட்டால் ஆயிற்றே என்பீர்கள். எடுக்கலாம். ஆனால் உள்ளே எவ்வளவு எஃகு மிச்சம் இருக்கிறது? எஃகு விலை கூடியதாக இருந்த காலத்தில் கோடாலியின் உடம்பை மெத்தென்ற தேனிரும்பில் அடித்து, வாய்க்கு மட்டும் எஃகுத் துண்டைக் காய்ச்சி இணைத்தார்கள். பின்னால் முழுக்க எஃகிலேயே செய்யத் தொடங்கியபோதும் வாய்ப்பக்கத்தில் சில சென்டிமீட்டர்தான் கெட்டியாக்கினார்கள். துளையைச் சுற்றி மெத்தென்றே விட்டார்கள், அடி வாங்கும் இடத்தில் விரிசல் விழக்கூடாது என்பதற்காக. ஆக, உழைக்கிற எஃகு கொஞ்சம்தான். உங்களுக்கு முன்னால் அதை வைத்திருந்தவர்கள் தீட்டித் தீட்டி அதில் பாதியைத் தீர்த்திருக்கலாம். மிச்சத்தை அவர்கள் உங்களுக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். பளபளப்புக்காக ஒரே மதியத்தில் அதைப் பொறியாகப் பறக்கவிடுவீர்களா?

அரத்தை எடுங்கள். கோடாலியை அசையாமல் இறுக்கிவைத்து, கையுறை போட்டுக்கொண்டு தேயுங்கள். அரம் சூடேற்றாது. வாய் எப்படி இருக்கிறது என்பதையும் அதுவே சொல்லிவிடும். கொஞ்சம் முரண்டு பிடித்துப் பிறகு கடித்தால் நல்ல பதம். வழுக்கிக்கொண்டே போனால் அளவுக்கு மீறிய கெட்டி. சொன்னபடியெல்லாம் கேட்டுக்கொண்டு இரும்பு உரிந்து வந்தால் உங்களுக்கு முன்பே யாரோ சுட்டுவிட்டார்கள். அரம் கடிக்கிற அளவில் பதம் வைத்ததே, காட்டில் வேலை நடக்கிற இடத்திலேயே தீட்டிக்கொள்ளட்டும் என்றுதான். வாய்க்குப் பின்னால் இரண்டு பக்கமும் இருக்கிற கன்னங்களைத் தட்டையாக்காதீர்கள், லேசான புடைப்பு இருக்கட்டும். தட்டையானது மரத்தில் சிக்கிக்கொள்ளும். கடைசியில் சாணைக்கல்லில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தேய்த்துப் பிசிரை எடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாது. முடிய வேண்டிய அவசியமும் இல்லை.

கருத்துப் படிந்திருக்கிற அந்தப் பழைய மேல்தோலும் இருக்கட்டும். சிவந்து உதிர்கிற துரு மட்டும் போனால் போதும். சம்மட்டித் தடங்களைத் தேய்த்து மட்டமாக்க என்ன அவசரம்? ஸ்வீடனில் 1902இல் தொடங்கிய கிரான்ஸ்ஃபோர்ஸ் புரூக் பட்டறையில் இன்றைக்குச் செய்கிற புதுக் கோடாலியிலேயே அந்தத் தடங்களை விட்டுவைக்கிறார்கள். அடித்தவர் தன் பெயரின் முதலெழுத்துகளையும் அதில் பொறித்துவிடுகிறார்.

மதிப்பு கேட்டிருக்கிறீர்கள். விற்கிற பேச்சுக்கு நான் வரவில்லை. ஆனால் சேகரிப்பவர்கள்கூட முதலில் தேடுவது முத்திரையைத்தான். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 1826இல் தொடங்கி 1966இல் மூடப்பட்ட காலின்ஸ் நிறுவனத்தின் சரக்கில் ஒரு கிரீடமும் சம்மட்டி பிடித்த கையும் இருக்கும். ஆழமில்லாமல் பதிந்த முத்திரையானால் கிரைண்டர் இரண்டு இழுப்பில் வழித்துவிடும். துரு போனபின் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், அல்லது சாக்பீஸ் பொடியைத் தேய்த்துத் துடையுங்கள். எழுத்து எழும்பி வரும்.

தண்ணீரில் போடுகிற யோசனையை விட்டுவிடுங்கள். மரம் ஊறி உப்பும்போது சுற்றிலும் இரும்பு நெருக்கும். நெருக்கத்தில் நார்கள் நசுங்கிப்போகும். காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். வேலைக்கு நடுவில் அந்தத் தலை கழன்று பறந்தால் யார்மேல் விழும் என்று யோசித்துப் பார்த்தீர்களா? இதில் விளையாட்டே கூடாது.

என் பெரியப்பா காம்பு மாட்டுவதைச் சின்ன வயதில் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். காம்பைத் துளைக்குள் கொஞ்சம் செலுத்தி உடனே உருவி எடுப்பார். இரும்பு உரசிய இடத்தில் மரத்தில் கறுப்பாக ஒரு தடம் விழுந்திருக்கும். அந்தத் தடத்தை மட்டும் சீவுவார், சுருள் சுருளாக மடியில் விழும். மறுபடி செலுத்துவார், மறுபடி உருவுவார், மறுபடி சீவுவார். எனக்குப் பொறுமை போய்விடும், அவருக்குப் போகாது. பிறகு காம்பைத் தலை கீழே தொங்கும்படி பிடித்துக்கொண்டு, மேலே இருக்கிற அடிமுனையில் கட்டைச் சுத்தியலால் தட்டுவார். தலை எதிலும் முட்டாமல் தொங்குகிறது, இருந்தும் ஒவ்வொரு தட்டுக்கும் காம்பில் அதுவாகவே ஏறும். கனமான இரும்பு நின்ற இடத்தில் நிற்கப் பார்க்கிறது, காம்பு அதற்குள் இறங்குகிறது, அவ்வளவுதான். அப்போது எனக்கு அது மாயம். தலைக்குள் காம்பு இறுகும்படி அதன் நுனிப் பிளவில் ஆப்பு அடிக்கும்போது பேச மாட்டார். முதலில் சத்தம் மொத்தென்று இருக்கும். திடீரென்று ஒரு அடியில் சத்தம் கூர்மையாகும். அதோடு நிறுத்திவிடுவார். அதற்குமேல் அடித்தால் காம்பு பிளந்துவிடும் என்று சொன்னது நினைவிருக்கிறது.

கைக்கோடாலியின் காம்பில் வெடிப்பு இல்லையென்றால் பழைய ஆப்பை எடுத்துவிட்டுப் புது ஆப்பு இறக்கிப் பாருங்கள். பெரியதற்குப் புதுக் காம்புதான். அடிப்பக்கத்திலிருந்து பார்த்தால் மரத்தின் ரேகை வாய் நிற்கிற திசையிலேயே ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் வேண்டாம். முறிந்த கட்டையை எடுக்கத் தீயில் மட்டும் போட்டுவிடாதீர்கள். கிரைண்டர் மிச்சம் வைத்த பதத்தையும் அது தின்றுவிடும். டிரில்லால் துளைகள் போட்டு, கீழிருந்து மேலாகத் தட்டி வெளியேற்றுங்கள். துளை மேல்பக்கம்தான் அகலம்.

உங்கள் முதல் கேள்வியை விட்டுவிட்டேன். வினிகர் போதும். ஒரு நாள் ஊறட்டும், நடுநடுவே எடுத்துப் பாருங்கள். பிறகு தேய்த்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூசிவிடுங்கள். வினிகரில் இன்னொரு லாபம், எஃகு கறுத்து இரும்பு வெளுத்து, இரண்டும் சேர்ந்த கோடு பெரும்பாலும் தெரிந்துவிடும். எவ்வளவு எஃகு மிச்சம் என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம். தண்ணீருக்குள் மின்சாரம் செலுத்தித் துருவைக் கழற்றுகிற மின்சார முறைதான் வேண்டுமென்றால் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், ஹைட்ரஜன் வெளிவரும். கோடாலிக்கு எதிரில், நேர்முனையில் மாட்டுகிற உலோகத் துண்டு எவர்சில்வராக இருக்கவே கூடாது. அதிலிருந்து நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும்.

காம்புக்கு ஆளிவிதை எண்ணெய் தடவுங்கள். தடவிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள். ஆப்பு இறக்கியபின் மேலிருந்து துளையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளி இல்லை என்று நான் பார்த்துச் சொல்கிறவரை அதை ஓங்க வேண்டாம்.