பெட்டியைப் பிரிக்காத பிள்ளை

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் பதினைந்து வருஷமாக ஜார்க்கண்டில், ராஜ்மகால் மலைப்பக்கம் ஊழியம் செய்கிறார்கள். அவர்கள் மகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். எட்டாம் வகுப்புக்கு இங்கே கொண்டுவந்து சேர்த்தோம். இப்போது ஒன்பதாம் வகுப்பு. என் பிள்ளைகளோடு பிள்ளையாகத்தான் வைத்திருக்கிறேன்.

வந்து ஒரு வருஷம் ஆகிறது. அலமாரியில் அவளுக்கென்று இரண்டு தட்டு ஒதுக்கிக் கொடுத்தேன். இன்றுவரை ஒரு துணிகூட அதில் ஏறவில்லை. துவைத்துக் காய்ந்ததை மடித்து, கட்டிலுக்கு அடியில் கிடக்கிற பெட்டியிலேயே வைத்து ஜிப்பை இழுத்து மூடிவிடுகிறாள். கிறிஸ்துமஸுக்கு அவள் அம்மா ஒரு சுடிதார் அனுப்பியிருந்தாள். தோளில் பிடித்தது, கை ஏறவே இல்லை. போனில் மட்டும், "நல்லா இருக்கும்மா" என்றாள். அதுவும் பெட்டிக்குள் போய்விட்டது.

பள்ளிக்கூடத்தில் அவளை "ஹிந்திக்காரி" என்கிறார்கள். தமிழ் நோட்டைத் திறந்தால் பக்கமெல்லாம் சிவப்பு மை. சபையில் யார் வந்தாலும் அவளை முன்னால் நிறுத்திச் சாட்சி சொல்லச் சொல்வார்கள். போன மிஷனரி ஞாயிறன்று மாட்டேன் என்றுவிட்டாள். "மிஷனரி பிள்ளை இப்படியா?" என்று என் காதுபடவே ஒரு அம்மா கேட்டார். அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தின் நடுவே, "இயேசப்பாவுக்கு எங்க அம்மா வேணும்னா, நான் யாருட்ட போய்க் கேக்கது?" என்றாள். என் வீட்டுக்காரர் அதட்டிவிட்டார். நானும், "அப்படிப் பேசுவது பாவம் மக்களே" என்றேன். அதோடு பேச்சு நின்றுபோயிற்று. சாப்பாடும் குறைந்துவிட்டது. தங்கையிடம் சொன்னால் ஊழியத்தை விட்டுவிட்டு வந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

– ஒரு பெரியம்மா

அன்புள்ள சகோதரிக்கு,

அலமாரித் தட்டு காலியாகக் கிடப்பதைக் கவனிக்கிற ஒரு ஆள் அந்தப் பிள்ளைக்கு வீட்டில் இருக்கிறார் என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்த ராத்திரி நடந்ததை முதலில் சரிசெய்யுங்கள். இன்றைக்கே அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அன்னைக்குப் பெரியம்மா சொன்னது தப்பு மக்களே, நீ கேட்டதில் பாவம் ஒன்றும் இல்லை" என்று சொல்லுங்கள். கூடவே புத்திமதி எதுவும் வேண்டாம். சங்கீதம் 13ஐத் திறந்து பாருங்கள். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று கர்த்தரிடமே தாவீது கேட்கிறார். வேதாகமத்துக்குள்ளேயே இடமுள்ள ஒரு கேள்வியைத்தான் உங்கள் பிள்ளையும் கேட்டாள்.

நம் மாவட்டத்தில் அப்பா கல்ஃபில் இருக்கிற வீடுகள் நிறைய. அந்தப் பிள்ளைகள் கம்பெனியைத் திட்டலாம், லீவு தராத முதலாளியைத் திட்டலாம். உங்கள் தங்கை மகள் யாரைத் திட்டுவாள்? அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனவர் கடவுள் என்றுதான் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். ஏங்கி அழுதால் விசுவாசக் குறைவு, கோபப்பட்டால் பாவம் என்றால் அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொள்வதைத் தவிர வேறென்ன செய்யும்? என்னிடம் வருகிற மிஷனரி பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பக் காண்பது இந்தத் தவிப்பைத்தான். ஆள் உயிரோடு இருக்கிறார், போனில் சிரிக்கிறார், ஆனால் பக்கத்தில் இல்லை. பாலின் பாஸ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் இதைத் தெளிவற்ற இழப்பு என்றார். சாவு வீடென்றால் ஊர் வந்து துக்கம் கேட்கும். இந்த இழப்புக்கு யாரும் துக்கம் கேட்க வருவதில்லை.

தங்கையிடம் கட்டாயம் சொல்லுங்கள். அம்மாவின் ஊழியம் நிலைப்பதும் நின்றுபோவதும் தன் வாயில்தான் இருக்கிறது என்ற பாரத்தை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சுமக்கக்கூடாது. "நல்லா இருக்கும்மா" என்று அவள் சொன்னது அந்தப் பாரத்தில்தான். நம் சபைகளில் வேதாகமத்தில் வருகிற அன்னாளைப் பற்றிப் பேசும்போது, தன் பிள்ளை சாமுவேலைக் கர்த்தருக்குக் கொடுத்தாள் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். வருஷந்தோறும் சாமுவேலுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போனாள் என்றும் எழுதியிருக்கிறது. வளருகிற பிள்ளைக்குச் சட்டை தைக்க வேண்டுமென்றால், இந்த வருஷம் தோள் எவ்வளவு, கை எவ்வளவு என்று தெரிய வேண்டுமே! அந்தச் சுடிதார் சின்னதாகிவிட்டது என்பதை உங்கள் தங்கை தெரிந்துகொள்ளட்டும். அழுவாள். அழட்டும். உடனே பெட்டியைக் கட்டிக்கொண்டு வரச் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு நாள், நேரம் குறித்து, ஸ்பீக்கரில் போடாமல், மகளோடு மட்டும் பேசட்டும். எப்போது வருவார்கள் என்பதைத் தேதியோடு சொல்லட்டும், சொன்னால் மாற்றக்கூடாது. மகள் இங்கேயே படிக்க விரும்புகிறாளா, பணித்தளத்துக்குப் பக்கத்தில் ஹாஸ்டல் கிடைத்தால் போதுமா என்று அவளையே கேட்கட்டும். கொடைக்கானலில் 1901ல் அமெரிக்க மிஷனரிகள் பள்ளி தொடங்கியதும் பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்பாமல், ஓரளவு கிட்டத்தில் வைத்துக்கொள்ளத்தான்.

"ஹிந்திக்காரி" விஷயத்துக்கு வருகிறேன். 1950களில் ரூத் ஹில் யூசீம் என்ற சமூகவியலாளர், இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்து, இப்படி வளரும் குழந்தைகளை மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள் என்றார். பெற்றோரின் ஊரும் முழுதாகச் சொந்தமில்லை, வளர்ந்த ஊரும் முழுதாகச் சொந்தமில்லை. இரண்டுக்கும் நடுவே தங்களுக்கென்று ஒரு உலகத்தை வைத்திருப்பார்கள். நம் நாகர்கோவிலிலேயே அப்படி ஒரு பிள்ளை இருந்தார். இந்தப் பக்கம் லேஸ் பின்னலைக் கொண்டுவந்த மிஷனரி மார்த்தா மால்ட்டின் மகள் எலைசா. தமிழைச் சிறுவயதிலேயே பேசிப் பழகியவர். 1844ல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போய், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். இதை உங்கள் பிள்ளையிடம் கதையாகச் சொல்லலாம். ஆனால் "நீயும் அப்படி ஆக வேண்டும்" என்று மட்டும் முடித்துவிடாதீர்கள். அதைவிட, ராஜ்மகாலில் என்ன சாப்பிடுவார்கள், மழை எப்படிப் பெய்யும், அவள் சிநேகிதி பெயர் என்ன என்று கேளுங்கள். மரச்சீனிக்கிழங்கும் மீன் குழம்பும் இருக்கட்டும், வாரத்தில் ஒரு ராத்திரி அவள் சொல்கிற விதத்தில் ரொட்டி சுடுங்கள். தமிழ் ஆசிரியையை நேரில் பார்த்து, இது அவளுக்குப் புதிதாகக் கற்கிற எழுத்து என்று சொல்லுங்கள்.

மேடை விஷயத்தில் அவளுக்குப் பதிலாக நீங்களே போதகரிடம் பேசுங்கள். "அவளாக விரும்பும்வரை கூப்பிட வேண்டாம் ஐயா" என்றால் போதும்.

சாப்பாட்டுக் குறைவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, தூக்கம் கெட்டாலோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வாழப் பிடிக்கவில்லை என்பதுபோல் ஒரு வார்த்தை வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

அந்தப் பெட்டியை நீங்களாகப் பிரித்து அடுக்கிவிடாதீர்கள். இரண்டு தட்டும் காலியாகவே இருக்கட்டும், வேறு துணி வைக்க வேண்டாம். தங்கையிடம் பேசிய பிறகு எனக்கு எழுதுங்கள்.