பெங்களூரில் 20 லிட்டர் கேன் தண்ணீர்தான் குடிக்கிறோம், இதில் மைக்ரோபிளாஸ்டிக் உடம்பை என்ன செய்யும்?

மைக்ரோபிளாஸ்டிக், அதாவது மிக நுண்ணிய பிளாஸ்டிக் துணுக்குகள், உடம்புக்குள் போகின்றன, அதில் சந்தேகமே இல்லை. 2022-இல் நெதர்லாந்தில் 22 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 17 பேரிடம் பிளாஸ்டிக் துணுக்குகள் இருந்தன. உள்ளே போய் என்ன கெடுதல் செய்கிறது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. எனக்கு மிகவும் கவலை தந்தது 2024-இல் வந்த இத்தாலி ஆய்வு: கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பை அகற்றிக்கொண்ட 257 பேரை ஏறக்குறைய மூன்று வருடம் கவனித்ததில், அகற்றிய அடைப்பில் பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் அல்லது மரணம் நேரும் அபாயம் மற்றவர்களைவிட 4 மடங்குக்கு மேல் இருந்தது. ஆனால் பிளாஸ்டிக்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, ஆய்வு செய்தவர்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள். மூளையில் ஒரு ஸ்பூன் பிளாஸ்டிக் என்று வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே நம்ப வேண்டாம். அந்தச் செய்திக்கு ஆதாரமான ஆய்வில் செய்த சோதனையில், மூளையிலுள்ள கொழுப்பே பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் போலத் தெரியலாம் என்று வேறு விஞ்ஞானிகள் ஆட்சேபித்திருக்கிறார்கள்.

சரி, கேன்? சூடு பட்டால் பிளாஸ்டிக் அதிகமாக உதிரும், அதனால் வெயிலில் வைக்காதீர்கள். கேனைவிட, அல்சூர் பக்கம் கொதிக்கிற சாம்பாரைக் கவரில் கட்டித் தருகிறார்களே, அதைத்தான் நான் முதலில் நிறுத்துவேன், தயவுசெய்து வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டுபோங்கள். அப்புறம், போர்வெல் தண்ணீர் போன்ற கடின நீரைக் கொதிக்கவைத்து வடிகட்டினால், படியும் சுண்ணாம்போடு துணுக்குகளில் பெரும்பகுதியும் சிக்கிக்கொள்வதாக 2024-இல் சீனாவில் கண்டிருக்கிறார்கள்.