வெடி வைக்காமல் குடைந்தால் சுரங்கத்தைச் சுற்றியுள்ள பாறை சேதமாகாதா?

"சுரங்கப்பாதையைச் சுற்றிப் பாறை விரிசல் விடுவதற்கு வெடிதானே காரணம்? வெடியே வைக்காமல் குடைந்தால் சேதம் வராதுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாறைப் பொறியியல் படிக்கப் போன புதிதில் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பை மாற்றியது ஒரு புகைப்படம். வட்டமாகக் குடைந்த சுரங்கம் ஒன்றின் கூரையில் 'V' வடிவத்தில் ஒரு பள்ளம். யாரோ வேண்டுமென்றே செதுக்கியது போல இருந்தது. ஆனால் யாரும் செதுக்கவில்லை, பாறை தானாகவே உதிர்ந்திருந்தது.

அது கனடாவின் மனிடோபா மாகாணத்தில் பினாவா ஊருக்கு அருகே இருந்த நிலத்தடி ஆய்வுக்கூடம். அணுக்கழிவைப் பாறைக்குள் ஆழமாகப் புதைக்க முடியுமா என்று பார்ப்பதற்காகக் கட்டியது. அங்கே 420 மீட்டர் ஆழத்தில், 1991-92 வாக்கில், நல்ல கிரானைட் பாறையில் 3.5 மீட்டர் விட்டமுள்ள ஒரு சுரங்கத்தைக் குடைந்தார்கள். ஒரு வெடிகூட வைக்கவில்லை. வட்டத்தின் விளிம்பு நெடுக நெருக்கமாகத் துளை போட்டு, நடுவிலிருந்த பாறையை ஹைட்ராலிக் கருவியால் பிளந்து எடுத்தார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை. அப்படியும் கூரையிலும் தரையிலும் பாறை ஏடு ஏடாக உரிந்து பள்ளம் விழுந்தது.

ஏன்? பல்லக்குத் தூக்குபவர்களில் நடுவில் இருக்கும் இரண்டு பேர் விலகிக்கொண்டால் பாரம் எங்கே போகும்? பக்கத்தில் இருப்பவர்களின் தோளுக்குத்தான். வெட்டி எடுத்த பாறை அதுவரை தாங்கிக்கொண்டிருந்த அழுத்தமும் அப்படித்தான் சுரங்கத்தின் விளிம்புக்கு வந்து சேர்கிறது.

420 மீட்டர் பாறையின் எடையால் மேலிருந்து கீழே வரும் அழுத்தம் சுமார் 11 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). பக்கவாட்டு அழுத்தம் அதைவிடக் குறைவாக இருக்கும் என்று நினைப்போம் இல்லையா? அங்கே அது ஒரு திசையில் 60, இன்னொரு திசையில் 45! வட்டத் துளைக்கான பழைய கணக்கு ஒன்று உண்டு: பெரிய அழுத்தத்தை மூன்றால் பெருக்கிச் சிறியதைக் கழித்தால், விளிம்பில் விழும் உச்ச அழுத்தம் கிடைக்கும். சுரங்கம் 45 இருந்த திசையில் நீளவாக்கில் ஓடியதால், அதன் குறுக்குவெட்டில் கணக்கில் வருவது 60-உம் 11-உம்தான்: 3 × 60 − 11 = 169. பெரிய அழுத்தம் பக்கவாட்டில் வந்ததால் அந்த 169 கூரையிலும் தரையிலும் போய் விழுந்தது.

அப்படியும் அந்தக் கிரானைட் தாங்கியிருக்க வேண்டும். ஆய்வகத்தில் அதன் துண்டுகளை நசுக்கிப் பார்த்தபோது 200 மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்கின. சுரங்கத்திலோ 120 அளவிலேயே உரியத் தொடங்கிவிட்டது. ஆய்வக எண்ணை அப்படியே எடுத்து வடிவமைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சுரங்கச் சுவரின் மேற்பரப்பில் பாறையை எதிர்ப்பக்கமிருந்து அழுத்திப் பிடிக்க எதுவும் இல்லை, வெறும் காற்றுதான். அதனால் சுவருக்கு இணையாக நுண்விரிசல்கள் சுலபமாக நீண்டு, மெல்லிய பாளங்களாகப் பெயர்ந்துவிடுகின்றன. பள்ளம் கூர்மையாக ஆக ஆக, அதன் முனையில் இருக்கும் பாறைக்குச் சுற்றிலும் பிடிப்பு கிடைக்கிறது. உரிதலும் அங்கே நின்றுவிடுகிறது.

அந்தப் பிடிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் போதும் என்பதுதான் எனக்கு இன்னமும் ஆச்சரியம். வெட்டிய கல்லும் தூளும் தரையில் குவிந்து கிடந்தவரை தரைப் பள்ளம் பெரிதாக வளரவில்லை. அந்தக் குப்பையின் எடையே அதற்குப் போதுமானதாக இருந்தது.

சரி, அப்படியானால் வெடிக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. சுவீடனின் ஏஸ்பொ ஆய்வுக்கூடத்தில் 1990-களின் நடுவில் வெடி வைத்துக் குடைவது, எந்திரத்தால் துளைப்பது என்ற இரண்டு முறைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். வெடி வைத்த சுரங்கத்தின் சுவரில் சேதம் சுமார் 30 செ.மீ. வரை போயிருந்தது, தரையில் 80 செ.மீ. வரை. தரையோரத் துளைகளில் மருந்து அதிகம் போடுவார்கள், அதனால்தான் இந்த வித்தியாசம். துளைக்கும் எந்திரம் போன பாதையில் சேதம் வெறும் 3 செ.மீ. ஆக, ஆழம் குறைந்த இடத்திலோ அழுத்தம் மிதமாக இருக்கும் இடத்திலோ உங்கள் ஊகம் பெருமளவு சரிதான்.

ஆழம் கூடி, அழுத்தமும் பெரிதாக இருக்கும் இடத்தில்தான் கதை மாறுகிறது. அங்கே எதைக்கொண்டு குடைகிறோம் என்பதைவிட, எந்தத் திசையில் குடைகிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கனடாக்காரர்கள் சேதத்தை நன்றாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே மிக மோசமான திசையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதே சுரங்கத்தை 60 மெகாபாஸ்கல் அழுத்தம் இருந்த திசையிலேயே நீளவாக்கில் ஓட்டியிருந்தால், அதன் குறுக்குவெட்டில் மிஞ்சுவது 45-உம் 11-உம் மட்டும். 3 × 45 − 11 = 124. உரியத் தொடங்கும் அந்த 120-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. கூரையில் கொஞ்சம் பொரிந்திருக்கலாம், அப்படியொரு பள்ளம் விழுந்திருக்காது.