காசியில் எங்கே தங்கலாம்?

? அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி. மார்ச்சில் மூன்று நாள் காசிக்குப் போகிறோம். விசுவநாதர் கோயிலுக்கு அருகிலேயே ‘கங்கை தெரியும் அறை’ கிடைக்கிறது. முன்பதிவு செய்யலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பணம் கட்டுவதற்கு முன் விடுதிக்காரருக்கு ஒரு போன் போடுங்கள். ஆட்டோ எதுவரை வரும்? இறங்கிய இடத்திலிருந்து எத்தனை நிமிட நடை, எத்தனை படி? லிஃப்ட் உண்டா? காசியில் அறை எப்படி இருக்கிறது என்பதைவிட இந்த மூன்றுக்கும் வரும் பதில்தான் முக்கியம்.

கோயிலைச் சுற்றி இருப்பவை எல்லாம் சந்துகள். ஆட்டோவை கோதௌலியா முனையிலேயே நிறுத்திவிடுவார்கள். கூட்ட நாளில் அதற்கும் முன்பே. வரைபடத்தில் முந்நூறு மீட்டர் என்று காட்டும். ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, எதிரே வரும் பைக்குக்கும் மாட்டுக்கும் ஒதுங்கி, ஈரக்கல்லில் கால் வைத்து நடக்கும்போது அது நீண்டுகொண்டே போகும். உயரமான வீடுகளுக்கு நடுவே போனில் வழிகாட்டியும் தடுமாறும். அதனால் ஆள் அனுப்பி அழைத்துப் போகிற விடுதியாகப் பாருங்கள்.

‘கங்கை தெரியும்’ என்றால் அறை ஜன்னலிலிருந்தா, மொட்டை மாடியிலிருந்தா என்று கேளுங்கள். பெரும்பாலும் மாடியிலிருந்துதான். பழைய வீடுகளின் படி செங்குத்தாக இருக்கும்; அம்மா ஒரு தடவை ஏறினால் மறுபடி இறங்க யோசிப்பார்கள்.

அவர்களுக்கு அஸ்ஸி காட் (காட் என்றால் படித்துறை) பக்கம் நல்லது. வண்டி கரைக்கு வெகு அருகில் வரும். விடியற்காலை ஆரத்தியும் அங்கே உண்டு. கோயில் அங்கிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர். தரிசனத்துக்குப் போகும்போது செல்போனை அறையிலேயே வைத்துவிடுங்கள், கோயிலுக்குள் அனுமதியில்லை.

? திதி கொடுக்கப் போகிறோம். தமிழ் பேசுகிறவர்கள் இருக்கும் பகுதி எது? நம் சாப்பாடு கிடைக்குமா?
– வாசகர், கும்பகோணம்

ஹனுமான் காட், கேதார் காட். இரண்டுக்கும் சோனார்புரா சாலையில் இறங்கி, சில நிமிடம் சந்துக்குள் நடக்க வேண்டும். ஹனுமான் காட்டில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வசிக்கின்றன. இளம் வயதில் பாரதியார் தங்கியிருந்ததும் அங்கேதான். காரியம் செய்துவைக்கிற வாத்தியார்களில் பலர் தங்க இடமும் சாப்பாடும் சேர்த்தே ஏற்பாடு செய்வார்கள். அறை, சாப்பாடு, தட்சிணை, படகு நான்குக்கும் தனித்தனியே எவ்வளவு என்று ஊரிலிருந்தே பேசி முடியுங்கள். மொத்தமாக ஒரு தொகை சொல்லும் இடத்தில்தான் பிறகு மனவருத்தம் வருகிறது.

கேதார் காட்டில் குமரகுருபரர் நிறுவிய குமாரசுவாமி மடம் இருக்கிறது. கோதௌலியா பக்கம் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம், 1863-ல் தொடங்கியது. ‘சம்போ’ என்று முழங்கியபடி நாள்தோறும் விசுவநாதர் பூஜைப் பொருள்கள் புறப்படுவது இங்கிருந்துதான். சத்திரத்தில் இடம் வேண்டுமானால் நேரில் போய் நிற்காதீர்கள். முன்கூட்டியே பேசி, உறுதியானபின் டிக்கெட் எடுங்கள்.

ஒன்று தெரிந்திருக்கட்டும். இந்த இரண்டு காட்டுக்கும் இடையில் ஹரிச்சந்திர காட். இரவும் பகலும் சிதை எரியும் இடம். காற்று திரும்பினால் ஆற்றை ஒட்டிய அறைக்குள் புகை வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் சாலைப் பக்கம் அறை கேளுங்கள்.

? எந்த மாதம் அறை சுலபமாகக் கிடைக்கும்?
– வாசகர், ஈரோடு

ஆகஸ்டில் கிடைக்கும், ஆனால் அப்போது கங்கை படிகளை மூடிவிடும். காட் காட்டாக நடக்க முடியாது, படகையும் நிறுத்திவிடுவார்கள். வட இந்தியக் கணக்கில் வரும் கார்த்திகைப் பௌர்ணமிக்கு (நவம்பர் வாக்கில்), படித்துறை எங்கும் விளக்கேற்றும் தேவ தீபாவளிக்காக, வாடகை பல மடங்கு ஏறும். அந்த நாளில் போகத்தான் வேண்டும் என்றால் சில மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். நள்ளிரவில் வந்தாலும் கதவு திறப்பார்களா என்று கேட்டு வையுங்கள். கீசர் உண்டா, ரஜாய் (பஞ்சு வைத்துத் தைத்த கனமான போர்வை) ஆளுக்கொன்று தருவார்களா என்பதையும் கேளுங்கள். நம் ஊர்ப் போர்வை அந்தக் குளிருக்குப் பத்தாது.

டிக்கெட்டில் எந்த நிலையம் என்றும் பாருங்கள். கன்னியாகுமரியிலிருந்து போகும் காசி தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ் பனாரஸ் நிலையத்தில் நிற்கும். வாரணாசி ஜங்ஷன் வேறு. பழைய முகல்சராய், இப்போது தீனதயாள் உபாத்யாய ஜங்ஷன், கங்கைக்கு அக்கரையில். அங்கே இறங்கினால் ஊருக்குள் வர ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.