கிட்லீக்ஸ் 7-லிருந்து 8-க்கு மாறுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கோடுக்குள் தவறி விழுந்த பாஸ்வேர்டு, டோக்கன், ஏபிஐ கீ இவற்றைத் தேடிப் பிடிக்கும் கருவி கிட்லீக்ஸ். அதன் 8-ஆம் பதிப்பு 2021 இறுதியில் வந்தது. இன்னும் 7-ஐ விடாமல் வைத்திருக்கும் குழுக்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. என் பதில்களில் ஒரே கவலைதான் திரும்பத் திரும்ப வரும். கருவி உடைந்தால் தெரிந்துவிடும், ஓசையில்லாமல் வேலையை நிறுத்திவிட்டால் தெரியாது.

கேள்வி: 7 நன்றாகத்தானே ஓடுகிறது. எதற்கு மாற வேண்டும்?

ஓடுகிறது, சரி. எதைப் பிடிக்கிறது? கிட்ஹப் 2022 அக்டோபரில் புது வகை பர்சனல் ஆக்சஸ் டோக்கனை அறிமுகப்படுத்தியது. அதன் முன்னொட்டே வேறு. அதற்கு முன்பே நின்றுபோன 7-இன் ரூல் (எதைத் தேடுவது என்ற விதி) பட்டியலில் அந்த டோக்கனுக்கென்று ஒரு ரூல் இருக்க வழியில்லை. அதன் பிறகு வந்த சேவைகளின் கீ எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வேகமும் ஒரு காரணம். 7 கமிட் வரலாற்றை, அதாவது கிட்டில் சேமித்த ஒவ்வொரு மாற்றத்தையும், கோ மொழி லைப்ரரி ஒன்றின் வழியாகப் படித்தது. 8 நேராக கிட் லாக் கட்டளையை ஓட்டி, அதன் வெளியீட்டைப் படிக்கிறது. பெரிய ரெப்போவில், அதாவது பெரிய கோடு களஞ்சியத்தில், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

கேள்வி: பைப்லைனில் (கோடைத் தானாகச் சோதிக்கும் ஜாப் வரிசை) பைனரியை மட்டும் மாற்றினால் போதாதா, சார்?

போதாது. பாத் என்ற ஆப்ஷன் சோர்ஸ் ஆகிவிட்டது. கான்ஃபிக்-பாத் வெறும் கான்ஃபிக் ஆகிவிட்டது. ரெப்போ முகவரியைக் கொடுத்தால் தானே குளோன் செய்துகொள்ளும் வசதி போய்விட்டது, நீங்களே குளோன் செய்து தர வேண்டும். பழைய ஆப்ஷனைக் கொடுத்தால் 126 என்ற எக்ஸிட் கோடுடன் (கட்டளை முடியும்போது தரும் எண்) நின்றுவிடும். இப்படிச் சத்தம் போட்டு நிற்பது நல்லது. ஆனால் உங்கள் பைப்லைனில் அந்த ஜாபுக்கு “தோற்றாலும் பரவாயில்லை” என்று யாராவது எப்போதோ எழுதி வைத்திருந்தால், 126-உம் பச்சையாகத்தான் தெரியும். முதலில் அந்த வரியைத் தேடி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: சில வழிகாட்டிகளில் கட்டளை டிடெக்ட், ப்ரொடெக்ட் என்று இருக்கிறது. சிலவற்றில் கிட், டிர் என்று இருக்கிறது. எது சரி?

இரண்டும் 8-தான். 8.19-இல் டிடெக்ட், ப்ரொடெக்ட் இரண்டையும் ஓரங்கட்டி கிட், டிர், எஸ்டிடின் என்று மூன்று கட்டளைகள் கொண்டுவந்தார்கள். பழையவை இன்னும் வேலை செய்யும், உதவித் திரையில் மட்டும் தெரியாது. புதிதாக எழுதுகிறீர்கள் என்றால் புதியதையே எழுதுங்கள்.

கேள்வி: அண்ணா, எங்கள் பழைய கான்ஃபிக் ஃபைலை அப்படியே கொடுத்தேன். எரர் எதுவும் வரவில்லை. அப்படியானால் சரிதானே?

இல்லை தம்பி, எனக்கு அதுதான் பயம். டாமல் (கான்ஃபிக் எழுதும் வடிவம்) ஃபைலில் தனக்குத் தெரியாத பெயரைப் பார்த்தால் கிட்லீக்ஸ் கேள்வி கேட்காது, தாண்டிப் போய்விடும்.

7-இல் என்ட்ரோபிக்கு (எழுத்துகள் எவ்வளவு தாறுமாறாக இருக்கின்றன என்ற அளவு) ரூலுக்குள் தனிப் பகுதி உண்டு, குறைந்தது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று. 8-இல் என்ட்ரோபி ஒரே ஒரு எண். ரெஜெக்ஸின் (தேடும் எழுத்து வடிவம்) எந்தக் குழுவை அளப்பது என்பதற்கு சீக்ரெட்-குரூப் என்று தனியாக ஒரு வரி. பழைய பகுதி அப்படியே கிடந்தால் அதை யாரும் படிப்பதில்லை. ரூல் வடிகட்டி இல்லாமல் ஓடும், குப்பை குவியும். அலவ்லிஸ்டில் (விட்டுவிட வேண்டியவற்றின் பட்டியல்) ஃபைல்ஸ், ரெப்போஸ் என்று எழுதியிருந்தால் அவையும் போச்சு. பாத்ஸ் என்பதற்கு மாற்றி, ரெஜெக்ஸையும் முழுப் பாதைக்கு ஏற்ப எழுத வேண்டும். ஒவ்வொரு ரூலுக்கும் ஐடி கட்டாயம். சமீபத்திய 8-கள் ஐடி இல்லாத ரூலைப் பார்த்ததும் நின்றுவிடும் என்பது ஒரு ஆறுதல்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. உங்கள் கான்ஃபிக்கில் நிறுவனத்துக்கென்று இரண்டே இரண்டு ரூல் இருக்கிறது என்று வையுங்கள். அதைக் கொடுத்தால், கருவியோடு வரும் எல்லா ரூலும் விலகி அந்த இரண்டு மட்டும்தான் ஓடும். 7-இல் ரெப்போ கான்ஃபிக்கை அசல் பட்டியலோடு ஒட்டிக்கொள்ள ஒரு ஆப்ஷன் இருந்தது. 8-இல் அந்த வேலையை கான்ஃபிக்குக்குள்ளேயே எக்ஸ்டெண்ட் பகுதி போட்டு, யூஸ்-டீஃபால்ட் என்பதை ட்ரூ ஆக்கிச் செய்ய வேண்டும். இந்த ஒரு வரி இல்லாமல், தங்களிடம் எல்லாப் பாதுகாப்பும் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் குழுக்கள் நிறைய.

கேள்வி: கீவேர்ட்ஸ் என்று ஒன்று புதிதாக இருக்கிறதே, போட வேண்டுமா?

வேகத்துக்காக வந்தது. கீவேர்ட் கொடுத்தால், அந்தச் சொல் இருக்கும் துண்டில் மட்டும்தான் ரெஜெக்ஸ் ஓடும். டோக்கனுக்கு நிலையான முன்னொட்டு இருந்தால் அதையே கீவேர்டாகப் போடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். தப்பான கீவேர்ட் போட்ட ரூல், உயிரோடு இருப்பது போலத் தெரியும், ஒரு நாளும் பேசாது.

கேள்வி: மாறினோம். முன்பு சில கண்டுபிடிப்புகள் வந்துகொண்டிருந்தன, இப்போது பூஜ்யம். கோடு சுத்தமாகிவிட்டதா?

கோடு ஒரே இரவில் திருந்தாது. லாகில் எத்தனை கமிட் ஸ்கேன் ஆனது என்று ஒரு வரி வரும், முதலில் அதைப் பாருங்கள்.

ஒன்று என்று இருந்தால், அரைகுறைக் குளோன். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் செக்அவுட் வழக்கமாக ஒரே ஒரு கமிட்டைத்தான் இறக்கும், ஃபெட்ச்-டெப்த்தை 0 ஆக்க வேண்டும். கிட்லேபில் புது ப்ராஜெக்டுகளுக்கு ஆழம் 20.

பூஜ்யம் என்று இருந்தால், பெரும்பாலும் உரிமையாளர் பிரச்சினை. 8 உங்கள் கணினியில் இருக்கும் கிட்டையே கூப்பிடுகிறது என்று சொன்னேனே, அதன் விலை இது. 2022 ஏப்ரலில் வந்த கிட் 2.35.2 முதல், ஃபோல்டரின் சொந்தக்காரர் ஒருவர், கட்டளையை ஓட்டுபவர் வேறொருவர் என்றால் கிட் மறுத்துவிடும். கன்டெய்னருக்குள் இது சர்வசாதாரணம். அந்த ஃபோல்டரை சேஃப் டைரக்டரி என்று கிட் கான்ஃபிக்கில் குறித்துவிட்டால் போதும்.

கமிட் எண்ணிக்கை சரியாக இருந்தும் பூஜ்யமா? அப்போது அறிக்கையைப் படிக்கும் உங்கள் ஸ்கிரிப்டைப் பாருங்கள். 7-இன் ஜேசன் அறிக்கையில் சிக்கிய ரகசியம் அஃபெண்டர் என்ற பெயரில் வரும். 8-இல் அது சீக்ரெட். ரூல்-ஐடி, ஸ்டார்ட்-லைன் என்று மற்றப் பெயர்களும் மாறிவிட்டன. பழைய பெயரைத் தேடும் ஸ்கிரிப்டுக்கு ஒன்றும் கிடைக்காது. அது பூஜ்யம் என்று எண்ணி, டாஷ்போர்டில் பச்சை காட்டும்.

கேள்வி: எங்களுக்கு நேர்மாறாக நூற்றுக்கணக்கில் கொட்டுகிறது. பழையதை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வருவதை மட்டும் பார்க்க முடியுமா?

முடியும். 8-இல் ஒரு முழு ஸ்கேன் ஓட்டி, அந்த ஜேசன் அறிக்கையை பேஸ்லைனாக, அதாவது ஏற்கெனவே தெரிந்தவற்றின் பட்டியலாக, கொடுங்கள். 7-இன் அறிக்கை இதற்கு உதவாது. தனித்தனியாக ஒதுக்க கிட்லீக்ஸ்-இக்னோர் ஃபைல் இருக்கிறது. கமிட், ஃபைல், ரூல், வரி எண் நான்கும் சேர்ந்த கைரேகையை வரிக்கு ஒன்றாக அதில் எழுத வேண்டும். நான் இதைத்தான் விரும்புவேன். பேஸ்லைன் ஃபைலுக்குள் ரகசியங்கள் அப்படியே கிடக்கும். அதை ரெப்போவிலேயே கமிட் செய்தால், கசிந்ததையெல்லாம் பொறுக்கி ஒரே இடத்தில் அடுக்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கைரேகையில் ரகசியம் இருக்காது. கொட்டுவதைப் பார்க்காமலே மொத்தமாக ஒதுக்கவும் வேண்டாம். புது ரூல்கள் பிடித்தவற்றில் நிஜமானவையும் இருக்கும்.

கேள்வி: வேலை செய்கிறதா என்று பார்க்க அமேசான் ஆவணத்தில் இருக்கும் மாதிரி கீயைப் போட்டேன். பிடிக்கவில்லை. ரூல் உடைந்திருக்கிறதா?

உடையவில்லை. அந்த மாதிரி கீ ‘எக்ஸாம்பிள்’ என்று முடிகிறதல்லவா, அப்படி முடிபவற்றை அந்த ரூலே விட்டுவிடும். ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப அடித்துப் போட்டாலும் என்ட்ரோபி குறைவு என்று தள்ளிவிடும். சரியான முன்னொட்டு, சரியான நீளம், மீதி எழுத்துகள் தாறுமாறாக என்று ஒன்றை உருவாக்கி, தனிக் கிளையில் போட்டுப் பாருங்கள். உங்கள் சொந்த ரூல் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு பொய்க் கீயைச் சோதனை ரெப்போவில் வைத்துக்கொண்டு, பதிப்பு மாறும் ஒவ்வொரு முறையும் அதன்மேல் ஓட்டுங்கள். சிக்க வேண்டியவை எல்லாம் சிக்கினால்தான் புதுப் பதிப்பு உள்ளே வரலாம். மேம்படுத்தலில் எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள் என்பேன்.

கேள்வி: எக்ஸிட் கோடு 1 வந்தால் கசிவா, எரரா?

இரண்டுக்கும் 1-தான். எக்ஸிட்-கோடு ஆப்ஷனில் கசிவுக்கு மட்டும் வேறு எண் கொடுத்துவிடுங்கள், குழப்பம் தீர்ந்தது.

கேள்வி: கிட்ஹப்பில் ஆக்‌ஷனையும் புதுப்பித்தேன். லைசன்ஸ் கேட்கிறது. கிட்லீக்ஸ் இலவசம் இல்லையா?

கருவி எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது, இலவசம்தான். ஆக்‌ஷனின் 2-ஆம் பதிப்பு ஆர்கனைசேஷன் கணக்குகளுக்கு லைசன்ஸ் கீ கேட்கும், தனிநபர் கணக்குக்குக் கேட்காது. வேண்டாம் என்றால் பைனரியை நேரடியாக இறக்கி ஓட்டுங்கள்.

கேள்வி: நாங்கள் ட்ரஃபிள்ஹாக் 2 என்ற இதே மாதிரிக் கருவியைப் பயன்படுத்துகிறோம். 3-க்கு மாறுவதும் இப்படித்தானா?

அது இன்னும் பெரிய தாவல். 2 பைத்தானில் இருந்தது, 3 கோ மொழியில் புதிதாக எழுதப்பட்டது. பிப்பில் (பைத்தான் நிறுவி) அப்டேட் கொடுத்தால் பழையதிலேயே நிற்பீர்கள், பைனரியாகவோ டாக்கர் இமேஜாகவோ எடுக்க வேண்டும். உரிமமும் ஏஜிபிஎல் 3 ஆகிவிட்டது, உங்கள் சட்டக் குழுவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். முக்கியமான மாற்றம், கிடைத்த கீ உயிரோடு இருக்கிறதா என்று அந்தந்தச் சேவையையே கூப்பிட்டுப் பார்ப்பது. அருமையான வசதி, ஆனால் உங்கள் நெட்வொர்க்கிலிருந்து வெளியே அழைப்பு போகும். ஃபயர்வால் தடுத்தால் சரிபார்க்க முடியாது. சரிபார்த்தவற்றை மட்டும் காட்டு என்று வைத்திருந்தால் அவை பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். தெரியாதவற்றையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். கசிவு இருந்தால் பைப்லைன் நிற்க வேண்டும் என்றால் ஃபெயில் ஆப்ஷனைத் தனியாகக் கொடுக்க வேண்டும், அப்போது எக்ஸிட் கோடு 183.

கேள்வி: மாறிய பிறகு பல வருடப் பழைய கமிட்டில் ஒரு டேட்டாபேஸ் பாஸ்வேர்டு சிக்கியது. கிட் வரலாற்றை மாற்றி எழுதி அழித்துவிடவா?

முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வரலாற்றை எவ்வளவு சுத்தமாக எழுதினாலும், ஏற்கெனவே குளோன் எடுத்தவர்களிடமும் ஃபோர்க்குகளிலும் பழையது அப்படியே இருக்கும். மாற்றிய பிறகு, அந்த டேட்டாபேஸின் லாகில் அறிமுகமில்லாத இடத்திலிருந்து யாராவது நுழைந்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதன் பிறகும் வரலாற்றைத் திருத்தத்தான் வேண்டும் என்றால் கிட் ஃபில்டர்-ரெப்போ இருக்கிறது, ஆனால் கமிட் ஐடிகள் மாறும், குழுவில் எல்லோரும் புதிதாகக் குளோன் எடுக்க வேண்டும். பெரும்பாலான நேரம் அந்தத் தலைவலி தேவைப்படாது. செத்துப்போன பாஸ்வேர்டின் கைரேகையை இக்னோர் ஃபைலில் சேர்த்து, எப்போது மாற்றினோம் என்று மேலே ஒரு வரி கமெண்ட் எழுதிவிட்டால் போதும்.